பழைய இதழ் அட்டைகளுக்குச் சட்டம்: ஒரு கடை, ஐந்து அட்டைகள், பதினான்கு மாதங்கள்

சென்ற ஆண்டு பிப்ரவரி மாதம் நான் சட்டம் போடக் கொண்டுபோனவை ஐந்து. மூன்று, அறுபதுகளின் தொடக்கத்தில் வெளிவந்த அம்புலிமாமாவின் உதிரி அட்டைகள். நான்காவது, கோபுலுவின் நகைச்சுவைப் படத்தை முகப்பில் தாங்கிய ஓர் ஆனந்த விகடன் முழு இதழ். ஐந்தாவது, முதுகு பிரிந்துபோயிருந்தாலும் உள்ளே ஒரு பக்கம்கூடக் குறையாத கல்கி தீபாவளி மலர் ஒன்று. கொண்டுபோன இடம் சென்னையின் பழைய பகுதியில், கோயில் மதிலை ஒட்டிய சந்தில், தந்தையும் மகனுமாக நடத்தும் படச்சட்டக் கடை. சாமி படங்களும் திருமணப் புகைப்படங்களும்தான் அவர்களுக்கு அன்றாடப் பிழைப்பு. காகிதப் பொருள்களைக் கெடாமல் சட்டமிடுவது பெரியவர் தனியே கற்றுக்கொண்ட வேலை. விளம்பரம் வேண்டாம், வரும் வேலையையே முடிக்க முடியவில்லை என்று அவர் கேட்டுக்கொண்டதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனாலும் அவர்கள் செய்த வேலையை விரிவாக எழுதக் காரணம் உண்டு. வேறு எந்த ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் எதைக் கேட்க வேண்டும், எதை மறுக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரியும்.

உதிரி அட்டைக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்கள் உண்டு. நம் வீடுகளில் வார, மாத இதழ்களைச் சேர்த்து வைத்தவர்களில் பெரும்பாலோர் கதைக்காகச் சேர்த்தவர்கள். 1950 முதல் 1954 வரை கல்கியில் பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது, மணியத்தின் ஓவியங்களோடு கூடிய அந்தப் பக்கங்களை மட்டும் வாரந்தோறும் பிரித்தெடுத்து அடுக்கி, தொடர் முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ துணியில் முதுகு போட்டு அலமாரியில் வைத்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். அப்படித் தைத்த தொகுதிகள் இன்றும் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கின்றன. அட்டைகளுக்கு அந்தக் கதி வாய்க்கவில்லை. அவை பள்ளிப் புத்தகங்களுக்கு உறையாகவும், வெந்நீர் அடுப்புக்குத் தீமூட்டியாகவும், அலமாரித் தட்டில் விரிப்பாகவும் போயின. நூலகங்களிலும் ஆண்டுத் தொகுப்பாகத் தைக்கும்போது அட்டையை எடுத்துவிடும் வழக்கம் இருந்தது. ஆகவே, வண்ணம் மங்காத அட்டையொன்று கைக்கு வந்தால், யாரோ ஒருவர் முழு இதழையும் படித்து முடித்தபடியே மடங்காமல் வைத்திருந்தார் என்று பொருள். சென்னையில் பழைய புத்தகக் கடைகள் நிறைந்திருந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனபோது அழிந்தவற்றில் அப்படிப்பட்ட இதழ்கள் எத்தனை இருந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

இந்தக் கடைக்கு வருமுன் எனக்குப் பட்ட சூடு ஒன்றும் உண்டு. எட்டு ஆண்டுகளுக்கு முன், வீட்டுக்குப் பக்கத்திலிருந்த வேறொரு கடையில் இரண்டு அட்டைகளைக் கொடுத்தேன். லேமினேஷன் செய்துவிட்டால் நூறு வருஷத்துக்குக் கவலையில்லை என்றார்கள். அதை மட்டும் மறுத்தேன், மற்றதை அவர்கள் போக்கில் விட்டேன். அட்டையின் பின்புறம் முழுக்க வெள்ளைப் பசை தடவி ஹார்ட்போர்டில் ஒட்டி, மேலே கண்ணாடியை நேரடியாக வைத்து, சுற்றிலும் சட்ட விளிம்பான பீடிங் அடித்து, மறுநாளே கொடுத்துவிட்டார்கள். பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது. ஆறாவது ஆண்டு மழைக்காலத்தில் அட்டையின் மேல் மூலையில் ஈரம் பட்டதுபோல ஒரு பளபளப்பு தெரிந்தது. கழற்றிப் பார்த்தால் வழவழப்பான ஆர்ட் தாளின் மேற்பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தூக்கியபோது ஓர் இளவரசியின் நெற்றியும் நெற்றிச்சுட்டியும் அதோடு வந்துவிட்டன. பின்னாலிருந்த ஹார்ட்போர்டு, மரநாரின் அமிலத்தைத் தாளுக்குள் இறக்கி ஓரமெல்லாம் தேநீர்க் கறையாக்கியிருந்தது. இன்னொரு அட்டையில் ரோஜா நிறப் புடைவை நீலம் பாரித்திருந்தது. பழைய சலூன்களின் சுவரில் தொங்கும் படங்கள் எல்லாம் நீலமாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சத்தில் மஞ்சளும் சிவப்பும் முதலில் விடைபெற்றுக்கொள்ள, நீலமும் கறுப்பும் மட்டும் கடைசிவரை நிற்பதால் வரும் கோலம் அது. அந்த இரண்டு அட்டைகளும் இன்னும் என்னிடம் இருக்கின்றன, புத்தி சொல்வதற்காக.

புதிய கடையில் பெரியவர் முதலில் செய்தது, அட்டைகளை வெறும் மேசையில் வைக்கவிடாமல் ஒரு வெள்ளைத் துணியை விரித்ததுதான். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நானும் பார்த்தேன். பழைய அச்சில் ஒவ்வொரு நிறமும் தனித்தனிப் புள்ளிகளாக, ஒழுங்கான வரிசையில் விழுந்திருக்கும். நிறங்களின் வரிசைகள் சற்றே கோணம் மாறி ஒன்றன்மேல் ஒன்று படியும்போது புள்ளிகள் பூவிதழ்போலக் கூடிநிற்கும். சில இடங்களில் ஒரு நிறம் மயிரிழை விலகி, உதட்டுச் சிவப்பு உதட்டுக்கு வெளியே நிற்கும். இப்போது ‘பழைய அட்டை’ என்று விற்கப்படுபவற்றில் கணிசமானவை கணினியில் வருடியெடுத்து அச்சிட்ட நகல்கள். அவற்றை அதே கண்ணாடியில் பார்த்தால், தெளிப்பானிலிருந்து சிதறியதுபோல் ஒழுங்கற்ற துகள்கள் தெரியும், அல்லது மூல அச்சின் புள்ளிகளே படமாகி மங்கலாகத் தெரியும். நகலை நகல் என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. என்னிடமிருந்த மூன்று அம்புலிமாமாக்களும் அசல்தான். 1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் ஒரே சமயத்தில் தொடங்கிய அந்த இதழில் பல்லாண்டுகள் அட்டை வரைந்த வட்டாதி பாப்பய்யா, ‘வபா’ என்று சுருக்கமாகக் கையொப்பமிட்டவர், துணியின் மடிப்புக்கும் தோலின் நிறத்துக்கும் காட்டும் கவனத்தைப் புள்ளி புள்ளியாகப் பார்ப்பது தனிச் சுகம். உள்பக்கங்களில் வேதாளத்தைத் தோளில் சுமக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த சங்கரை எல்லாருக்கும் தெரியும். அட்டைக்காரரை அந்த அளவுக்கு யாரும் கேட்பதில்லை.

அடுத்தது விகடன். அட்டையை மட்டும் பிரித்தெடுத்துச் சட்டத்தில் போட்டால் செலவு பாதியாகுமே என்று, மெய்யாகவே ஆழம் பார்க்கத்தான், நான் கேட்டேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “கிழிக்கணும்னா வேற கடைக்குப் போங்க சார். இது வரைக்கும் அறுபது வருஷம் யாரும் கிழிக்கல, நாம எதுக்கு ஆரம்பிக்கணும்?” என்றார். அந்தக் கணத்தில் நான் இந்தக் கடையின் வாடிக்கையாளனானேன்.

வேலையில் நடந்ததைச் சொல்கிறேன். உதிரி அட்டைகளுக்கு முன்னும் பின்னும் மவுண்ட் அட்டை. முன்னதில் சாளரம் வெட்டியிருக்கும். அழகுக்காக மட்டும் வைப்பதன்று அது. படத்துக்கும் மேலுள்ள தகட்டுக்கும் இடையே காற்று நிற்க இடம் விடுவதே அதன் வேலை. என் இளவரசியின் நெற்றி பறிபோனது அந்த இடம் இல்லாததால்தான். படத்தைப் பின் அட்டையோடு பிணைக்க, விரல்நக அகலமுள்ள இரண்டு ஜப்பானியத் தாள் துண்டுகளை மேல்விளிம்பில் மட்டும் கீல்போல வைத்து, கோதுமை மாவுப் பசையால் ஒட்டுகிறார்கள். கீழே தாள் சுதந்திரமாகத் தொங்கும். ஈரப்பதம் ஏறி இறங்கும்போது விரிந்து சுருங்க அதற்கு வழி உண்டு. வேண்டாமென்றால் சிறிது ஈரம் காட்டிக் கீலை எடுத்துவிடலாம். செலோடேப்பை அப்படி எடுக்க முடியாது. பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்புக் கோடாகத் தங்கிவிடும். பின்புறம் ஹார்ட்போர்டுக்குப் பதிலாக, உள்ளே நீளவாக்கில் காற்றறைகள் ஓடும் பாலிப்ரோப்பிலீன் தகடு. அதன் விளிம்பும் சட்டமும் சேரும் இடம் முழுக்க நாடா ஒட்டி மூடுகிறார்கள். ராமபாணப் பூச்சிக்கு மாவுப் பசை என்றால் விருந்து; நாடாவில் ஓர் ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் அது உள்ளே போய்விடும் என்பதால், மகன் அந்த விளிம்பை விளக்கு வைத்துப் பார்க்கிறார்.

இங்கேதான் ஒரு தகராறு வந்தது. மவுண்ட் அட்டை அமிலமற்றது என்று சொல்லித்தான் விலை பேசினார்கள். நான் அமிலம் காட்டும் பேனா ஒன்று வைத்திருக்கிறேன். அதன் மையைக் கொண்டு கோடு போட்டால், அமிலமில்லாத தாளில் ஊதாவாக நிற்கும், அமிலமுள்ளதில் மஞ்சளாகிவிடும். வெட்டிப் போட்ட துண்டொன்றை எடுத்து மேற்பரப்பில் ஒரு கோடு இழுத்தேன், ஊதா. சாய்வாக வெட்டிய விளிம்பில், நடுப்பகுதியில் ஒரு கோடு இழுத்தேன். சில நொடிகளில் எலுமிச்சைத் தோல் நிறத்துக்கு வந்தது. மேலே ஒட்டிய தாள் மட்டும் நல்லது, உள்ளே இருப்பது வெறும் மரக்கூழ். பெரியவர் துண்டை வாங்கித் தாமே இரண்டாவது கோடு போட்டுப் பார்த்தார். பிறகு மொத்த வியாபாரியைத் தொலைபேசியில் அழைத்து, நான் இங்கே எழுத முடியாத சில சொற்களைப் பேசினார். பருத்திக் கூழில் செய்த அட்டை வரவழைக்க மூன்று வாரம் கூடுதலாக ஆயிற்று. அதற்கான விலை வித்தியாசத்தை என்னிடம் கேட்கவில்லை. இந்தப் பேனாவை முழுக்க நம்பிவிடவும் கூடாது. மரக்கூழில் சுண்ணாம்பு கலந்திருந்தால் ஊதாதான் காட்டும், மரநார் இருப்பதை அது சொல்லாது. இன்னொன்று, தப்பித் தவறியும் அட்டைப்படத்தின் மேல் அந்தப் பேனாவை வைத்துவிடாதீர்கள். கோடு போகவே போகாது.

சாளரத்தின் அளவிலும் ஓர் இழுபறி இருந்தது. வழக்கமாக மவுண்ட் சாளரம் படத்தின் நான்கு ஓரங்களையும் சில மில்லிமீட்டர் மறைக்கும். புகைப்படத்துக்கு அது பொருட்டில்லை. இதழ் அட்டையில் அந்த ஓரத்தில்தான் மாதமும் விலையும் சில சமயம் ஓவியரின் கையொப்பமும் இருக்கின்றன. உதிரி அட்டைக்கு விலைதான் பிறப்புச் சான்றிதழ். அணாவில் விலை இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியதாக இருக்கக்கூடும். நயா பைசா என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்ட காலத்தைத் தேடலாம். வெறும் பைசா என்றிருந்தால் அதற்குப் பிந்தியது. என்னுடைய மூன்றிலும் நயா பைசா. அதை மறைக்கும் சட்டத்தை நான் ஏற்கவில்லை. கடைசியில் சாளரத்தைப் படத்தைவிடப் பெரிதாக வெட்டி, தாளின் நான்கு விளிம்புகளும், மூலையில் ஒன்று மடங்கியிருப்பது உட்பட, அப்படியே தெரியும்படி மிதக்கவிட்டார்கள். மகனுக்கு இது பிடிக்கவில்லை. கிழிசல் தெரிகிறதே என்றார். எனக்குக் கிழிசலும் பிடிக்கும்.

விகடனுக்கு ஆழமான பெட்டிச் சட்டம். இதழ் திறவாமல், முதுகில் அழுத்தம் விழாமல் இருக்க, கீழே சிறு தாங்கியும் குறுக்கே நிறமற்ற பாலியெஸ்டர் நாடாக்கள் இரண்டும். ஒட்டுவது என்று எதுவுமே இல்லை. நான்கு திருகைக் கழற்றினால் இதழ் கைக்கு வந்துவிடும், படிக்கலாம், திரும்ப வைக்கலாம். கோபுலுவின் கோடு இவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கும்போது என்னவாகும் என்று சந்தேகப்பட்டேன். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர்களின் தொந்தியையும் குடுமியையும் நாலே வளைவில் கொண்டுவரும் அந்தக் கோடு, கூடத்தின் மறுகோடியிலிருந்தும் வேலை செய்கிறது. கோபாலனைக் கோபுலுவாக்கியதும், சீனிவாசனைச் சில்பியாக்கியதும் விகடனின் மூத்த ஓவியரான மாலிதான். மூவரையும் ஒரே சுவரில் மாட்ட எனக்கு இன்னும் மாலியின் அட்டை ஒன்று வேண்டும்.

தீபாவளி மலரை அவர்கள் ஏற்கவில்லை. அவ்வளவு தடித்த மலரை நிறுத்தி வைத்தால் அதன் எடையே பிரிந்த முதுகை மேலும் பிளக்கும், படுக்கவைத்துப் பாருங்கள் என்று சொல்லி, அமிலமற்ற அட்டையில் ஒரு பெட்டி மட்டும் செய்து கொடுத்தார்கள். துருப்பிடித்திருந்த கம்பித் தையலை எடுத்து நூலால் தைக்க முடியுமா என்று கேட்டதற்கு, அது புத்தகம் தைப்பவர் வேலை, எங்களுக்குத் தெரியாது என்றார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கடைக்காரரைக் காண்பது அபூர்வம். இருந்தாலும் மலரைச் சுவரில் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு போன எனக்கு அது ஏமாற்றந்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முகப்புக்குக் கண்ணாடிக்குப் பதில் புறஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் போட்டிருக்கிறார்கள். எடை குறைவு, விழுந்தாலும் சிதறாது. ஆனால் தூசியை இழுத்து வைத்துக்கொள்கிறது, பட்டென்று கீறல் விழுகிறது. இரண்டாம் வாரமே வீட்டில் யாரோ உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்ததில், ஓர் அட்டையின் வானத்தில் வால் நட்சத்திரம்போல ஒரு கோடு விழுந்துவிட்டது. மென்மையான பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து துடைக்க வேண்டும், கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தை அருகிலேயே கொண்டுவரக் கூடாது என்பதை ஒரு சீட்டில் எழுதியாவது அவர்கள் கொடுத்திருக்கலாம். சன்னலுக்கு எதிரே மாட்டினால் படம் தெரிவதைவிட நம் முகந்தான் அதிகம் தெரிகிறது. பீடிங் வகைகளும் போதாது; தங்கப்பூச்சும் தேக்கு நிறமும் கறுப்பும் தவிர வேறில்லை. வபாவின் வண்ணங்களுக்குப் பக்கத்தில் தங்கப்பூச்சு பூசைமாடம்போல் இருக்கும் என்பதால் மூன்றுக்கும் கறுப்பே எடுத்தேன்.

விலை, அம்புலிமாமா அட்டை ஒன்றுக்கு 2,350 ரூபாய். விகடனின் பெட்டிச் சட்டத்துக்கு 4,800. மலரின் பெட்டிக்கு 900. சாதாரணக் கடையில் இதே அளவுக்குச் சட்டம் ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மூன்று வாரம் என்று சொன்ன வேலை ஏழு வாரம் இழுத்தது. அதில் பாதிக் குற்றம் என் பேனாவுடையது.

பதினான்கு மாதமும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் கடந்தபின் இதை எழுதுகிறேன். சட்டமிட்டவை வெளிச்சுவரில் அல்லாமல் உள்சுவரில், சட்டத்தின் கீழ் மூலைகளில் ரப்பர்க் குமிழ் வைத்துச் சுவரிலிருந்து சற்றே விலகி, எல்.இ.டி. விளக்கு மட்டும் எரியும் கூடத்தில் தொங்குகின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்றைக் கழற்றி அலமாரிக்கு அனுப்பி இன்னொன்றை மாட்டுகிறேன். எந்த அக்ரிலிக்கும் வெளிச்சத்தை முழுக்கத் தடுப்பதில்லை; அருங்காட்சியகங்களே தாள் ஓவியங்களை 50 லக்ஸ் வெளிச்சத்தில் சில மாதங்கள் காட்டிவிட்டு இருட்டுக்கு அனுப்புகின்றன. டிசம்பர் மாதம் விகடன் சட்டத்தைத் திறந்து பார்த்தேன். பூஞ்சணம் இல்லை, கம்பித் தையலில் புதுத்துரு இல்லை, பழைய தாளின் அந்த மெல்லிய வெண்ணிலா மணம் மட்டும் வந்தது.

நூற்றுக்கணக்கில் அட்டை வைத்திருப்பவர்கள் இந்த வழியில் போனால் வீட்டை விற்க வேண்டிவரும். அவர்களுக்குப் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரோப்பிலீன் உறைகளும், ஒவ்வோர் அட்டைக்கும் பின்னால் ஓர் அமிலமற்ற தாளும், படுக்கையாக வைக்கும் பெட்டியுமே போதும். எழுதுபொருள் கடையில் கிடைக்கும், திறந்ததும் புது ரெக்ஸின் வாடை அடிக்கும் பிவிசி உறைகளை மட்டும் தவிர்க்க வேண்டும். நாளடைவில் அவை பிசுபிசுத்து மையைத் தம்மோடு இழுத்துக்கொள்ளும். என்னிடமுள்ள மற்றவை அப்படித்தான் இருக்கின்றன, பெட்டிக்குப் பக்கத்தில் பாட்டி காலத்து வழக்கப்படி ஒரு துணி முடிச்சில் வசம்பும். நகல் அச்சை அழகுக்காக மாட்ட விரும்புகிறவர்களுக்கும் இந்தக் கடை தேவையில்லை. ஐந்நூறு ரூபாய்ச் சட்டமே தாராளம். மங்கினால் மறுபடி அச்சடித்துக்கொள்ளலாம். இரண்டோ மூன்றோ அசல் அட்டைகளை, இன்னும் முப்பது ஆண்டு கழித்தும் அதே நிறத்தில் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட கடை.

சென்ற ஐப்பசியில் இன்னும் நான்கு அட்டைகளோடு போனேன். பெரியவர் துணியை விரித்து, உருப்பெருக்கியில் நிதானமாகப் பார்த்துவிட்டு, அப்படியே உறையிலிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மழைக்காலத்தில் நாடா ஒட்டி மூடினால் ஈரக்காற்றையும் சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டுவதாகும், மாசி பிறக்கட்டும் என்றார். மாசி பிறந்த மூன்றாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று வாரத்தில் தருவதாகச் சொன்னார்கள். இது ஆனி மாதம்.